நாஞ்சாரய்யாவுக்குப் போர்த்திய சால்வை

எங்கள் காலேஜில் வேலை பார்த்த லெக்சரர்களின் அம்மாக்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் ஆபரேஷன் நடக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றைக்கே எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்சி. பட்டம் வரை, டீன் அறையில் கொடுத்துவிட வேண்டும். ரசீது கிடையாது. வேறு இடத்தில் வேலை கிடைத்தவன் அதை வெளியே மூச்சு விட மாட்டான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், லோனுக்கு பாங்கில் ஒரிஜினல் காட்டணும் என்று கெஞ்சுவான். கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவான், திரும்பி வர மாட்டான்.

அது பொய் என்று டீனுக்கும் தெரியும். தெரிந்தும் நாலு பேரில் ஒருவருக்குக் கொடுப்பார். பொய் சொல்லிக் கெஞ்சுகிறவனை அவருக்குப் பிடிக்கும், தன்னைக் கண்டு பயப்படுகிறான் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இந்தக் கணக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பாடம். நாஞ்சாரய்யா ஒருவருக்குத்தான் புரியவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன். அதோடு, நான் செய்ததையும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நான் ஹைமவதி, கெமிஸ்ட்ரி. விஜயவாடாவுக்கு வெளியே, ஹைவேயை ஒட்டி, ஐந்து மாடியில் ஹாஸ்டலும் வகுப்பும் ஒன்றாக இருக்கும், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கான அந்தக் காலேஜில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். அந்தக் காலத்தில் ஸ்ரீமன்னாராயணா சார்தான் டீன். அவர் கெட்டவர் என்று முதல் நாளே கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. எனக்கே மூன்று வருஷம் பிடித்தது, நான் ஒன்றும் ஏமாளியில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம், யாரிடமும் உரக்கப் பேசாத குரல். என் அம்மாவின் சர்க்கரை அளவு எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. வாட்ச்மேன் பெண்ணின் பிரசவத் தேதி தெரியும். உங்கள் தோளில் கை வைத்து, "இந்தக் காலேஜ்ல மனுஷன்னு சொன்னா நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்வார். சொக்கிப் போவோம். அதே வாக்கியத்தை லெக்சரர்கள் இருபத்தெட்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு டெஸ்ட். திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு மீட்டிங். எந்த செக்ஷனில் மார்க் குறைந்ததோ அந்த லெக்சரர் எழுந்து நிற்க வேண்டும். டீன் திட்ட மாட்டார், ஒரு நாளும் திட்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, இவரை என்ன பண்ணலாம்?" என்று கேட்பார். அவர் சொல்லியாக வேண்டும். மழுப்பினால், "ஓ, சிநேகிதமா? அப்போ நீங்களும் நில்லுங்க." ஆகவே சொல்வோம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பார்த்து, "இவருக்குப் பாடமே தெரியலை சார்" என்போம். அடுத்த வாரம் அவன் நம்மைச் சொல்வான். மீட்டிங் முடிந்ததும் நின்றவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீன் கட்டிக்கொள்வார். "பாருங்க, உங்க ஆளுங்களே உங்களை இப்படிச் சொல்றாங்க. என்னைத் தவிர உங்களுக்கு யாரு இருக்கா?"

இரண்டு வருஷத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுவிட்டது. ஜன்னல் கட்டையில் பிரஷர் மாத்திரை அட்டைகள் வரிசையாக இருக்கும், அதில்கூடப் பெயர் எழுதி வைத்திருந்தோம். பாட்டனி மேடத்துக்குத் திங்கட்கிழமை காலையில் வாய் திக்கும், செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். நான் என்ன ஆனேன் தெரியுமா? வகுப்பில் மார்க் குறைந்த ஒரு பெண்ணை எழுப்பி நிற்க வைத்து, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லு, இவளை என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது. மறுநாளும் கேட்டேன்.

நாஞ்சாரய்யா ஃபிசிக்ஸ். நாகாயலங்கா பக்கம் ஒரு கிராமம், அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். குள்ளமான மனுஷர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. வட்டப் பாதை இயக்கம் நடத்தும்போது பாத்ரூம் மக்கில் தண்ணீர் எடுத்து வந்து தலைக்கு மேல் சுழற்றுவார். தண்ணீர் கொட்டாது. ஒருமுறை ஃபேனில் இடித்து முதல் பெஞ்சு முழுக்க நனைந்தது. ஹாஸ்டலில் பதினாறு மணி நேரம் அடைந்து கிடக்கிற பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மூன்றாம் மாடியில் எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் டீன் அவரைக் கேட்டால் மட்டும் பதில் வேறு மாதிரி வரும். "என் செக்ஷன்லயும் மார்க் குறைஞ்சிருக்கு சார், என்னையும் சேர்த்து நிக்க வைங்க." சொல்லிவிட்டு அவரே எழுந்து நின்றுவிடுவார். அதில் வீம்பு கிடையாது, பஸ்ஸில் வயசானவருக்கு இடம் விடுகிற மாதிரி எழுந்திருப்பார். டீன் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போகாது. என்றைக்கோ ஒருநாள் இந்த மனுஷனை அவர் சும்மா விடப்போவதில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நாஞ்சாரய்யாவின் மனைவி அனசூயா அவனிகட்டாவில் கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர். ஒரே பெண், ஜாஹ்னவி, அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. இவர் ஹாஸ்டல் கட்டடத்திலேயே ஒரு அறையில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிறு டெஸ்ட் முடிந்த பிறகு பஸ் பிடித்துப் போய், திங்கள் மீட்டிங்குக்கு விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி வர வேண்டும். "என் பொண்ணு என்னை ஞாயித்துக்கிழமை அப்பான்னு கூப்பிடுறா மேடம்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை, அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். அரசு ஜூனியர் காலேஜ் லெக்சரர் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தார். கோர்ட், ஸ்டே என்று நாலு வருஷம் இழுத்தது. சம்பளத்துக்காக இல்லை, எங்களுக்குச் சம்பளம் மோசமில்லை. அவனிகட்டாவிலேயே போஸ்டிங் கிடைக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கலாம், மகளுக்குத் தலை வாரிவிடலாம். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வயசு நாற்பத்து மூன்று. இதை விட்டால் அடுத்த பரீட்சைக்கு வயசு தாண்டிவிடும்.

ஜனவரி கடைசியில் ரிசல்ட் வந்தது. லிஸ்டில் அவர் பெயர் இருந்தது. பிப்ரவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சர்வீஸ் கமிஷன் ஆபீஸில் ஒரிஜினல் சர்டிபிகேட் காட்ட வேண்டும். காட்டாதவர் பெயர் அடிக்கப்படும், அடுத்தவருக்குப் போகும். ஆபீஸ் எங்கள் காலேஜிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்.

ஆத்ரேயபுரத்துப் பூதரேக்கு இனிப்பு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு டீன் அறைக்குக் கிளம்பியவரை மாடிப்படியில் மறித்தேன்.

"எங்க போறீங்க? பேசாம கண் ஆபரேஷன்னு சொல்லுங்க."

"எங்கம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு மேடம். டீன் சார் காரியத்துக்கே வந்தாரே."

"அப்போ மாமியார் கண்ணு. கண்ணுக்கா பஞ்சம்?"

சிரித்தார். "வேணாம் மேடம். காரியத்தன்னிக்கு எங்க வீட்டுத் தரையில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட மனுஷன். அவருகிட்டப் பொய் சொல்லிட்டு வாங்கிட்டுப் போனா, அந்த வேலை எனக்கு ஒட்டாது."

எங்கள் காலேஜ் சரித்திரத்தில் டீனிடம் உண்மை சொல்லி ஒரிஜினல் கேட்ட முதல் ஆள் அவர்தான். டீன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கட்டிக்கொண்டாராம். கண் கலங்கியதாம். தன் கையால் ஒரு பூதரேக்கை இவர் வாயில் ஊட்டினாராம். "தம்பி, இது நம்ம காலேஜுக்கே பெருமை. வர்ற ஞாயித்துக்கிழமை பெற்றோர் கூட்டத்துல உனக்குப் பாராட்டு வெக்கிறோம். உன் ஒரிஜினல்ஸை மேடையிலயே என் கையால குடுக்கறேன். சம்சாரத்தையும் பாப்பாவையும் வரச் சொல்லு." நாஞ்சாரய்யா என்னிடம் வந்து, "பாத்தீங்களா, நீங்க எல்லாரும் அவரைத் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஷாமியானா. ஐந்நூறு பெற்றோர் இருப்பார்கள், மாச்செர்லா, நூஜிவீடு, ஓங்கோல் எங்கிருந்தெல்லாமோ மிளகாயும் புகையிலையும் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள். நாஞ்சாரய்யா முகம் ஆளுயர ஃப்ளெக்ஸில். இரண்டாவது வரிசையில் அனசூயா பட்டுப் புடவையில், பக்கத்தில் ஜாஹ்னவி பாவாடை சட்டையில். டீன் சால்வையைப் போர்த்தினார். நாஞ்சாரய்யா கை கூப்பிக்கொண்டு நின்றார். டீன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மனுஷரைப் பாருங்க. கவர்ன்மென்ட் வேலை இவரைத் தேடி வந்துச்சு. ஊரே தவமிருக்கிற வேலை. என்கிட்ட வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'சார், மார்ச்ல பரீட்சை. என் பிள்ளைங்களை நட்டாத்துல விட்டுட்டு எனக்கு ஒரு வேலையா? வேணாம் சார்'னாரு. அந்த வேலையை இவர் உங்க பிள்ளைங்களுக்காக உதறிட்டாரு!"

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி மேடையேறி வந்து நாஞ்சாரய்யா காலில் விழுந்தார். டீன் சால்வை மேல் கையை வைத்து, அவரை அணைத்தபடியே நின்றார். ஒரிஜினல் கவர் மேடைக்கு வரவேயில்லை. நான் அனசூயாவைப் பார்த்தேன். அவள் முகம் செத்துவிட்டது. பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை, எல்லோரும் தன் அப்பாவுக்காகத்தான் கை தட்டுகிறார்கள் என்று நாற்காலி மேல் ஏறி நின்று உற்சாகமாகக் கை தட்டிக்கொண்டிருந்தது.

மைக்கைப் பிடுங்கி, "இல்லை, பொய்" என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அந்தப் பெரியவர் எழுந்திருக்கும்போது கண்ணெல்லாம் தண்ணி மேடம். 'என் பையனை உங்க கையில குடுத்துட்டேன் சாமி'ன்னாரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?" என்றார். டீனுக்கு அது தெரியும். யாருக்கு எது வராது என்பதைப் படித்து வைத்திருந்தவர் அவர்.

திங்கட்கிழமை மீட்டிங் முடிந்து இவர் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார்.

"என்ன தம்பி, நான் பொய்யா சொன்னேன்? கையெடுத்துக் கும்பிட்டு நின்னியே, ஐந்நூறு பேர் பாத்தாங்களே."

"சார், வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடும் சார். எனக்கு வயசு இல்ல."

"பரீட்சை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். பாப்பா எந்த கிளாஸ் இப்போ? நல்லா கை தட்டுச்சு. சுட்டி."

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம், ஸ்டாஃப் ரூமில் அப்படி மிச்சம் இருந்தது நாங்கள் மட்டும்தான். அவர் டப்பாவில் எப்போதும் மெஸ் சாதம், என்னுடைய கோங்குரா, அதாவது புளிச்சக்கீரைத் தொக்கில் பாதி அவருக்கு. குரலைத் தாழ்த்தி, "நானும் பொய் சொல்லக் கத்துக்கிட்டேன் மேடம்" என்றார். திட்டம் இதுதான்: சர்டிபிகேட் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்குவது. அந்தக் காகிதம் இருந்தால், யுனிவர்சிட்டியில் வேலை பார்க்கும் சிநேகிதன் வியாழக்கிழமைக்குள் டூப்ளிகேட் எடுத்துத் தருவான். வெள்ளிக்கிழமை கமிஷன். "ஒரே ஒரு விஷயம், டீன் காதுக்குப் போயிடக் கூடாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலமே டீன் என்னைக் கூப்பிட்டார். ஃபிளாஸ்கிலிருந்து தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"குண்டூர் எப்படிம்மா இருந்துச்சு?"

போன மாசம் என் அம்மாவுக்கும் கண் ஆபரேஷன் நடந்திருந்தது, புரிகிறதல்லவா? லீவு போட்டுவிட்டு குண்டூரில் வேறொரு காலேஜுக்கு இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தேன். என் ஸ்டடி ஹவரில் எனக்குப் பதிலாக உட்கார்ந்தது நாஞ்சாரய்யா. அவரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

"யார் சார் சொன்னாங்க?"

"சொன்னவன் பேரு எதுக்குமா? சரி, உங்ககிட்ட மறைக்கறதா? நாஞ்சாரய்யாதான். நேத்து ஒரிஜினல் தர மாட்டேன்னதும் கோவம் வந்துடுச்சு அவனுக்கு. 'என்னை மட்டும் புடிச்சு வெக்கிறீங்க, ஹைமவதி மேடம் குண்டூர் போயிட்டு வந்தாங்களே, அவங்களை என்ன பண்ணீங்க?'ன்னு கேட்டான். நான் நம்பலைம்மா. நீங்க என் தங்கச்சி மாதிரி."

அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். பயம் ஒரு பங்கு என்றால் ஆத்திரம் மூன்று பங்கு. என் தொக்கைத் தின்றுவிட்டு என்னையே காட்டிக் கொடுத்தானா? என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. எனக்கு வேலை போனால் அம்மாவும் தம்பி பிள்ளைகளும் தெருவில். கப்பை இறுகப் பிடித்தேன். டீன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் என்னமோ பண்ணப் போறான்னு தெரியுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம்."

தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

"ஸ்டேஷன்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதி வாங்கப் போறாரு சார்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். யுனிவர்சிட்டி சிநேகிதன் பெயரையும் சொன்னேன். கப்பில் டீ இன்னும் சூடாக இருந்தது, குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

புதன்கிழமை நாஞ்சாரய்யா ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டரின் பையன் எங்கள் காலேஜில் இரண்டாம் வருஷம். இன்ஸ்பெக்டர் இவரை உட்காரச் சொல்லி, "உங்க சர்டிபிகேட் காலேஜ்ல பத்திரமா இருக்குன்னு உங்க டீன் எழுதியே குடுத்துட்டாரு. பொய்க் கம்ப்ளெயின்ட் குடுத்தா நானே உங்களை உள்ளே வெக்கணும். என் பையனுக்குப் பாடம் எடுக்கிறவர்னு விடறேன், போங்க" என்றாராம். மதியம் என் மேஜைக்கே வந்து இதையெல்லாம் சொன்னார். "எப்படித் தெரிஞ்சுதுன்னே புரியலை மேடம்" என்றார். நான் தொக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது. காட்டிக் கொடுத்தவனுக்கு இதுவும் வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜெராக்ஸ் காப்பிகளை எடுத்துக்கொண்டு கமிஷன் ஆபீஸுக்குப் போனார். ஒரிஜினல் இல்லாமல் முடியாது, ஐந்து மணி வரைக்கும் இருக்கிறோம் என்றார்கள். திரும்பி வந்து, இரண்டு மணிக்கு டீன் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே பீரோ, பீரோவுக்குள் அவருடைய சர்டிபிகேட், நடுவில் ஒரு கதவு. டீன் உள்ளே பெற்றோர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது. மற்ற இருபத்தேழு பேரும் ஏதோ ஒரு நேரத்தில் அந்த வராந்தா வழியாகப் போனோம். எல்லோருக்கும் அந்த இடத்துக்கு வரும்போது செல்போனில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால் கதவு திறந்திருக்குமோ என்னவோ. நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அவர் மணி கேட்டார். அவர் கையில் வாட்ச் இருந்தது.

ஐந்து அடித்து ஐந்து நிமிஷம் கழித்து டீன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நாஞ்சாரய்யா எழுந்து நின்றார். டீன் அவர் தோளில் கை வைத்து, "சாப்டியா தம்பி?" என்று கேட்டார். பிறகு குனிந்து காதோடு ஏதோ சொன்னார், வராந்தாக் கோடியில் நின்ற எனக்கு அது கேட்கவில்லை. ஆறு மணி ஸ்டடி ஹவருக்கு நாஞ்சாரய்யா வகுப்புக்குப் போனார். சனிக்கிழமை மதியம் வழக்கம் போல என் மேஜைக்குச் சாப்பிட வந்தார். அவர் பெயர் அடிக்கப்பட்டு, நெல்லூர்க்காரர் யாருக்கோ அந்த வேலை போயிற்று.

அதற்குப் பிறகு அவர் மக்கில் தண்ணீர் சுழற்றவில்லை. அந்தப் பாடத்தை போர்டிலேயே முடித்துவிடுவார். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பாட்டனி மேடம் எழுந்து நின்றார். டீன் வழக்கம் போல நாஞ்சாரய்யா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, இவங்களை என்ன பண்ணலாம்?" என்றார். நாங்கள் எல்லோரும், இந்த மனுஷன் எழுந்து நிற்பான், நம்மில் ஒருவனாவது எழுந்து நிற்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். "எத்தனை தடவை சொல்றது சார், அனுப்பிடலாம்" என்றார், உட்கார்ந்தபடியே. அனுப்பிவிட்டார்கள். டீன் அன்றைக்குத்தான் முழுசாகச் சிரித்தார். எனக்கு அப்போது விளங்கியது, அவருக்குத் தேவைப்பட்டது ஃபிசிக்ஸ் லெக்சரர் இல்லை.

இரண்டு வருஷத்தில் ஸ்ரீமன்னாராயணா சார் ஹைதராபாத்துக்குப் பெரிய பதவியில் போனார். வழியனுப்பு விழாவில் நாங்கள் அழுதோம், நிஜமாகவே அழுதோம், அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புது டீன் வந்ததும் ஒரிஜினல்களை ஒரு கோணிப்பையில் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூமில் கொட்டி, அவரவருடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாஞ்சாரய்யா தன்னுடைய கவரைத் தேடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

ஜாஹ்னவிக்குப் பதினாறு வயசு ஆனதும் எங்கள் காலேஜிலேயே சேர்த்தார். ஹாஸ்டல். மகளைத் தினமும் பார்க்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கேம்பஸுக்குள் ஸ்டாஃப் பிள்ளைகளும் அப்பா அம்மாவை சார், மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளும் "சார்" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் விதிக்காகக் கூப்பிடுவது போல இருக்கவில்லை. அவர் வராந்தாவில் எதிரே வந்தால் அவள் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவாள்.

அந்த வருஷம்தான் குண்டூர்க் காலேஜில் ஆபீஸ் பார்த்த ஒருவர் எங்களிடம் வேலைக்கு வந்தார். சும்மா அரட்டையில் சொன்னார்: "உங்க பழைய டீனுக்கும் எங்க பிரின்சிபாலுக்கும் ஒப்பந்தம் மேடம். இன்டர்வியூவுக்கு யார் வந்தாலும் அன்னைக்கே போன்ல பேரைப் படிச்சுடணும். உங்க பேரை நானே படிச்சிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஏழு வருஷம். ஏழு வருஷமாக நாஞ்சாரய்யா என்னைக் காட்டிக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டே, மன்னித்துவிட்ட பெருந்தன்மையோடு அவருக்குத் தொக்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், டீ குடித்ததையும் சேர்த்து. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமை கதவைத் திறந்துட்டு வந்தாரே, சாப்டியான்னு கேட்டுட்டு, காதுல சொன்னாரு. 'உன் ஹைமவதி மேடம்தான் சொன்னாங்க. இனிமே யாரை நம்பி இருக்கப் போறே?'ன்னாரு."

"தெரிஞ்சுமா மறுநாள் வந்து என்கூட உக்காந்தீங்க?"

"வேற மேஜைக்குப் போகலாம்னுதான் டப்பாவைத் தூக்கினேன். எங்க போறது? ஒவ்வொரு மேஜையா பாத்தேன். எல்லாமே யாரையாவது போட்டுக் குடுத்தவங்க மேஜைதான். சரி, பழகின இடத்துலயே உக்காருவோம்னு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் மென்றார். "அப்புறம் நானும் பாட்டனி மேடத்தைப் போட்டுக் குடுத்தேன். கணக்கு நேராயிடுச்சு."

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என்னால் முடிந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது.

"ஜாஹ்னவி ஏன் உங்ககிட்டப் பேச மாட்டேங்கிறா?"

"அவ மேடையில கேட்டதை நம்பிட்டா மேடம். ஒன்பது வயசுல கை தட்டுனா. கொஞ்சம் வளந்ததும் யோசிச்சுப் பாத்திருக்கா. ஊர்ப் பிள்ளைங்களுக்காக வீட்டுக்கு வர்ற வேலையை வேணாம்னவர் எங்கப்பான்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்கா. என்னை விட அவங்கதான் பெருசாப் போயிட்டாங்களான்னு அழுதிருக்கா."

"அய்யோ, நான் சொல்றேன் அவகிட்ட. நடந்தது பூராத்தையும் நானே சொல்றேன். அந்த பெஞ்சுல மூணு மணி நேரம் நீங்க உக்காந்திருந்ததை நான் பாத்தேனே."

கையை உதறினார். சோறு மேஜையில் சிந்தியது. அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

"சொல்லாதீங்க மேடம். எங்கப்பாவே வேணாம்னுட்டாருன்னு நெனச்சா அவளுக்கு என் மேல கோவம். கெஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு, யாரும் கதவைத் திறக்கலைன்னு தெரிஞ்சா பயந்துடுவா. இதே காலேஜ்ல, அதே வராந்தாவுல தினம் நடக்கிறா. கோவமாவே இருக்கட்டும்."